ஹொங்கலாவில் ஆளில்லை

திரையில் இரண்டு பெயர்கள் இருந்தன.

காபிக் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஈரக்கையைத் துண்டில் துடைத்தபடி ஐலா சமையலறை மேசைக்குத் திரும்பியபோது, கணினி தானாகப் பூட்டிக்கொண்டு, உள்ளே வருவது யார் என்று கேட்கும் பக்கத்தில் நின்றிருந்தது. நீலப் பின்னணி. மூலையில் சின்னதாக ஒரு பென்குயின். நடுவில் ஒரு வட்டம், அதன் கீழே ஐலா. அரைமணி நேரத்துக்கு முன் அவளே ஒவ்வோர் எழுத்தாகத் தட்டிய பெயர். அதற்குக் கீழே, கொஞ்சம் மங்கலாக, இன்னொரு வட்டம்.

ரைமோ.

அவள் துண்டை நாற்காலியின் முதுகில் போட்டாள். பிறகு மறுபடி எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே மணி இரண்டுகூட ஆகவில்லை, அதற்குள் நீலம் கறுத்துக்கொண்டிருந்தது. வடதுருவத்தை ஒட்டிய ஊர்; சூரியன் இந்த வருஷத்துக்கு மறைந்து ஒன்பது நாள் ஆகிறது. முற்றம் சரிந்து இறங்கும் இடத்தில் சவ்னா என்கிற நீராவிக் குளியல் குடில், அதற்கு அப்பால் கரை, அதற்கும் அப்பால் வெள்ளையாக, ஒரு சத்தமும் இல்லாமல் ஏரி. ஜன்னல் சட்டத்தில் அறைந்திருந்த வெப்பமானி சுழியத்துக்குக் கீழே இருபத்தேழு காட்டியது.

கணினியில் பழையதாக இருந்ததையெல்லாம் அழித்தாயிற்று. அழித்ததும் அவள்தான்.

மதியம் பன்னிரண்டு மணிக்கு வெய்யோ தன் சறுக்குவண்டியில் வந்திருந்தார். இரும்புச் சறுக்குகளின் மேல் நாற்காலி வைத்து, பின்னால் நின்று ஒரு காலால் உந்தித் தள்ளும் வண்டி. எழுபத்திரண்டு வயதிலும் அதை விடவில்லை. தொலைபேசிக் கம்பம் ஏறிப் பிழைத்து ஓய்வு பெற்றவர். சுற்றுவட்டாரத்தில் எந்தப் பழைய கணினி நொண்டினாலும் சட்டைப்பையில் ஒரு பென் டிரைவோடு வந்து இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு, ஏலக்காய் ரொட்டியும் காபியும் மட்டும் வாங்கிக்கொள்வார்.

“கம்பெனிக்காரன் கைகழுவின கம்ப்யூட்டருக்கெல்லாம் நான்தான் அநாதை இல்லம்,” என்றார், மூக்கில் உருகிய பனியைத் துடைத்துக்கொண்டே. “சொல்லு ஐலா. பழசுல ஏதாச்சும் வேணுமா? போட்டோ, கடுதாசி?”

“ஒண்ணும் வேணாம்.”

“ரைமோவோடது?”

“ஒண்ணும்.”

வெய்யோ அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இந்த ஊரில் அது கேள்விதான். பிறகு விசைப்பலகையை அவள் பக்கம் நகர்த்தினார்.

“அப்ப நீயே அமுக்கு. இது மூணு தடவ கேக்கும். அழிக்கவா, நெசமாவே அழிக்கவா, திரும்ப வராது, அழிக்கவான்னு. மூணாவதுக்கு அப்புறம் நாம உக்காந்து அழுதாலும் குடுக்காது.”

அவள் மூன்று தடவை அமுக்கினாள்.

முப்பத்தோரு வருஷம் அந்த மேசைக்கு அந்தப் பக்கம்தான் அவள் நின்றிருக்கிறாள். கணினி அவள் கணவன் ரைமோவுடையது. கடவுச்சொல் ரைமோவுடையது. அவளுக்கென்று ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கி வைத்திருந்தான். மணி முடிந்தால் பாதிச் சொல்லில் திரை கறுத்துவிடும். அக்கா இர்யாவுக்கு அவள் எழுதுகிற கடிதங்களை அவன் முதலில் படிப்பான். பிறகு ஒருநாள் இர்யாவின் முகவரியே அதில் இல்லாமல் போயிற்று. கேட்டதற்கு, “எந்த இர்யா?” என்றான். சிரிக்காமல்தான் கேட்டான். வலது கையில் ஒரு விரல், இடது கையில் ஒரு விரல், இரண்டே விரலால் மெதுவாக, ஓங்கித் தட்டுவான். டக். டக். சுவருக்கு அந்தப் பக்கம் படுத்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டபடி எத்தனை வருஷம் தூங்கியிருப்பாள்.

புதுசு ஏறி முடித்ததும் வெய்யோ சொன்னார்: “மெஷினுக்கு ஒரு பேர் கேக்குது. என்னோடதுக்குக் கிழக்கரடின்னு வெச்சிருக்கேன். நீ என்ன வெக்கிற?”

அவளுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. இங்கே பெயர் என்று எதையாவது கேட்டால் வாயில் முதலில் வருவது வீட்டுப்பெயர்தான். கடிதம் வருவதும் அதற்கு, சாவு அறிவிப்பில் போடுவதும் அது.

“ஹொங்கலா,” என்றாள்.

“நல்லதாப் போச்சு. வீடும் உன்னுது, மெஷினும் உன்னுது.” அவர் தட்டினார். “இப்ப பாஸ்வேர்டு அடி. திரையில தெரியற இந்தக் கறுப்பு ஜன்னல்ல அடிக்கும்போது ஒண்ணுமே தெரியாது, பயப்படாத. புள்ளிகூட வராது. இருட்டுல நடக்கற மாதிரி நம்பி அடிக்கணும்.”

போகும்போது, பிரிண்டருக்கு வேண்டிய கேபிளை எடுத்துக்கொண்டு நாலு மணிக்கு வருவதாகச் சொன்னார். சனிக்கிழமை, அவர் வீட்டு சவ்னாவுக்கு நெருப்பு மூட்ட வேண்டும். “அதுக்குள்ள உடைச்சு வெக்காத,” என்றார்.

இப்போது அவள் கைபேசியை எடுத்து அவரை அழைத்தாள்.

“பத்து நிமிஷம் ஆகல,” என்றார் வெய்யோ. “உடைச்சிட்டியா?”

“இதுல ரெண்டு பேர் இருக்கு.”

“யார் பேரு?”

“ரைமோ.” அந்தப் பக்கம் விறகு ஒன்று வெடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

“பழக்கத்துல நீயே அடிச்சிருப்ப,” என்றார் கடைசியில், குரலைத் தணித்து. “முப்பத்தோரு வருஷப் பழக்கம். கை சும்மா இருக்குமா?”

“நான் அடிக்கல.”

“சரி, வெறும் பேருதான? பேரு கடிக்காது. உள்ள ஆள் இருந்தாத்தான் யோசிக்கணும். உன் பேர்ல உள்ள போய், கறுப்பு ஜன்னலத் தொற, நான் சொல்லிக்குடுத்த மூணெழுத்து அடி. உள்ள யாரு, எங்கேர்ந்து வந்திருக்காங்க, எத்தன மணிக்குன்னு வரிசையா சொல்லும். நாலு மணிக்கு வந்து அந்தப் பேர எடுத்துடறேன். காபி போட்டு வை.”

அவள் உள்ளே போனாள். கறுப்பு ஜன்னலைத் திறந்து மூன்றெழுத்தைத் தட்டினாள். ஒரே வரி வந்தது. ஐலா. இடம், இங்கே. நேரம், 13.52. அவ்வளவுதான். தோளிலிருந்து ஏதோ இறங்கியதுபோல் இருந்தது. தன் பெயர் மட்டும் தனியாக நிற்பதை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை இர்யாவின் முகவரியைத் தேடிப் பிடித்து எழுத வேண்டும். முதல் வரி இன்னும் தோன்றவில்லை. எழுதினால், படிக்கிறவள் இர்யா மட்டும்தான்.

அப்போதுதான் வாசனை வந்தது. முதலில் கழுவுதொட்டியிலிருந்து என்று நினைத்தாள். பாசியும், ஈரக் கம்பளியும், வலையில் ஒட்டிக் காய்ந்த மீன் செதிலும் சேர்ந்த வாசனை, மூடிய வீட்டின் காபி நெடிக்கும் அடுப்புச் சூட்டுக்கும் அடியில் தரையோடு தரையாகத் தவழ்ந்து வந்து, மேசைக்கடியில் அவள் கணுக்காலைச் சுற்றி நின்றது. குளிர்ச்சியாக.

சுவர்க்கடிகாரம் இரண்டு இருபது.

அவள் மறுபடி மூன்றெழுத்தைத் தட்டினாள்.

ஐலா. இங்கே. 13.52.

ரைமோ. கரை. 14.20.

கடிகாரத்தில் அந்த நேரத்தை அவள் இதற்கு முன்பும் ஒரு தடவை பார்த்திருக்கிறாள். ஐந்து வாரத்துக்கு முன்னால், ஏரி முதல் பனிக்கட்டி கட்டியிருந்த நாள். இன்னும் நாலு நாள் பொறுத்திருக்கலாம் என்று ஊரே சொல்லியும் ரைமோ வலை போடப் போனான். இரண்டு இருபதுக்குத்தான் சத்தம் வந்தது. முதலில் பனிக்கட்டி விரிகிற சத்தம், பெரிய துணியை யாரோ கிழிப்பதுபோல. பிறகு அவன் குரல். அவள் பெயரைத்தான் கூப்பிட்டான். சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தாள். வெள்ளைக்கு நடுவே ஒரு கறுப்பு ஓட்டை, அதன் விளிம்பில் இரண்டு கை. கொட்டகையில் கயிறு இருந்தது. ஏணி இருந்தது. அவள் முன்னறையிலிருந்த துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

காலணிப் பனியைத் தட்ட எல்லோர் வாசலிலும் இருக்கிற பிர்ச் மரத்து மெல்லிய மிலாறுக் குச்சிகளைக் கட்டிய துடைப்பம்தான். வீட்டில் ஆளில்லை என்றால் அதைக் கதவில் குறுக்காகச் சாய்த்துவிட்டுப் போவார்கள். பூட்டு நகரத்துக்காரர்களுக்கு. துடைப்பம் சாய்ந்திருக்கும் கதவை இந்தப் பக்கத்தில் யாரும் தட்ட மாட்டார்கள், கைவைத்துத் திறக்கவும் மாட்டார்கள். அவள் அதைக் கதவில் சாய்த்துவிட்டு, விறகுக்கொட்டகை வழியாகப் பின்பக்கம் உள்ளே வந்து, விளக்கை அணைத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். சறுக்குவண்டி வரும் சத்தம் கேட்டது. வெய்யோ, சனிக்கிழமைக் காபிக்கு. காது கொஞ்சம் மந்தம், தொப்பி வேறு. வாசலில் நின்று துடைப்பத்தைப் பார்த்தார். திரும்பிப் போனார். வாசல்படி ஏறி உள்ளே வந்து இந்த ஜன்னலண்டை நின்றிருந்தால் ஓட்டையைப் பார்த்திருப்பார்.

நாற்பது நிமிடம் கூப்பிட்டான். மூன்று மணிக்கு நின்றது.

சவ்னாவுக்குப் பின்னால் விறகு பிளந்துகொண்டிருந்தேன், எதுவும் கேட்கவில்லை என்று அவள் போலீஸில் சொன்னாள். எல்லோரும் நம்பினார்கள். துடைப்பத்தைக் கொட்டகையில் விறகுக்குப் பின்னால் செருகிவிட்டாள். அதற்குப் பிறகு தொடவில்லை.

கரை என்றால் என்ன. கரையில் கம்பியும் இல்லை, கணினியும் இல்லை. அவள் மறுபடி தட்டினாள். விரல் தவறி, எழுத்தை அழித்து, மறுபடி.

ரைமோ. சவ்னா. 14.31.

ஜன்னல் பக்கம் திரும்பக் கூடாது என்று நினைத்தாள். திரும்பினாள். சவ்னாவின் புகைபோக்கியிலிருந்து புகை நேராக, காற்றே இல்லாத குளிரில் ஒரு கம்பம்போல எழுந்து நின்றது. சின்ன ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம். அவள் அங்கே நெருப்பு மூட்டி ஐந்து வாரம் ஆகிறது.

அவள் வெய்யோவை அழைத்தாள். உடனே எடுத்தார்.

“வெய்யோ, உடனே வாங்க. இங்க ஆள் இருக்கு.”

“ஹலோ?”

“நான் ஐலா. சவ்னால நெருப்பு எரியுது.”

“ஹலோ? ஐலா? என்னம்மா, ஏரிக்கரையிலயா நிக்கிற? தண்ணி சத்தம்தான் கேக்குது.” கொஞ்ச நேரம் காத்திருந்தார். “ஒண்ணும் கேக்கல. நாலு மணிக்கு வர்றேன்.”

வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தக் கைபேசி எந்த எண்ணையும் பிடிக்கவில்லை.

நாலு மணி. அதுவரை பொறுத்தால் போதும். அவர் வருவார், கதவைத் திறப்பார், காபி எங்கே என்பார். அவள் அந்த ஒன்றையே பிடித்துக்கொண்டாள்.

இரண்டாவது பெயரை நீக்க முயன்றாள். உங்களுக்கு இதற்கு அனுமதி இல்லை என்றது திரை. கடவுச்சொல்லைக் கேட்டது. தட்டினாள். ஒன்றும் தெரியவில்லை. புள்ளிகூட இல்லை. அவள் கையை எடுத்த பிறகும், அந்தக் கறுப்பில் வேறு யாரோ தட்டிக்கொண்டிருந்தால்கூட அவளுக்குத் தெரியப் போவதில்லை. கடவுச்சொல் தவறு. மறுபடி. தவறு. கணினியையே அணைக்கப் பார்த்தாள். இன்னொருவர் உள்ளே இருக்கிறார், அவர் வெளியேறும் வரை நிறுத்த முடியாது.

மூன்றெழுத்தைத் தட்டாமல் இருக்கலாம். தட்டாவிட்டால் தெரியாது. தெரியாவிட்டால் அது எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம்.

தட்டினாள்.

ரைமோ. முன்னறை. 14.58.

சமையலறைக்கும் முன்னறைக்கும் நடுவே ஒரு கதவு. கதவின் அடியில் ஒரு விரல் அளவு இடைவெளி. அந்த இடைவெளியின் வழியாகத் தண்ணீர் வந்தது. அவசரமில்லாமல். தரையில் கிடந்த, துணிக்கிழிசலால் நெய்த கோட்டுப் பாயின் ஓரத்தைத் தொட்டு, முதல் சிவப்புக் கோட்டை நனைத்து, கறுப்பாக்கி, அடுத்த கோட்டுக்கு வந்தது.

அவள் பெஞ்சுக்குக் கீழே குனிந்து கணினியின் பிளக்கைப் பிடுங்கினாள்.

வீடு அணைந்தது.

திரை மட்டுமல்ல. விளக்கு. குளிர்பெட்டி. சுவர்ச்சூடேற்றி. கடிகாரம். இத்தனை வருஷமாகக் கேட்டுக் கேட்டுக் காதுக்குத் தெரியாமலே போயிருந்த அத்தனை முனகலும் ஒரே நேரத்தில் நின்று, வீட்டுக்கு அடியில் இருந்த அமைதி மேலே வந்தது. அதில் ஒரு சொட்டு. நின்று. இன்னொரு சொட்டு. மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து.

இருட்டில் தடவி, பிளக்கை மறுபடி செருகினாள்.

விளக்கு வந்தது. அறையில் யாரும் இல்லை. முன்னறைக் கதவு திறந்திருந்தது. கணினி எழுந்து, கேள்வி எதுவும் கேட்காமல், கறுப்பு ஜன்னலைத் தானே திறந்தது. அவள் எதையும் தட்டவில்லை. ஒரே வரி.

ரைமோ. இங்கே. 15.00.

அவ்வளவுதான். வேறு வரி இல்லை.

ஓடினாள். முன்னறை ஈரம். வாசல் கதவு வெளிப்பக்கம் திறப்பது; அவள் தோளால் இடித்தாள். அசையவில்லை. விறகுக்கொட்டகைக் கதவு. அதுவும். மறுபடி வாசலுக்கு. கதவுக்குப் பக்கத்துக் குறுகிய கண்ணாடியில் கன்னத்தை வைத்து வெளியே பார்த்தாள்.

துடைப்பம்.

கதவின் குறுக்கே சாய்ந்திருந்தது. மிலாறு நுனியெல்லாம் பனிக்கட்டி. கரையிலிருந்து முற்றத்தின் குறுக்காக ஒரு சுவடு, வாசல் வரை. வந்த சுவடு மட்டும்.

ஒரு துடைப்பம். கையளவு மிலாறு. குழந்தை தள்ளினால் விழும். அவள் முழு எடையோடு கதவில் மோதினாள். மோதினாள். கண்ணாடியை விறகுக் கட்டையால் அடித்தாள். கீறல்கூட விழவில்லை.

அந்தக் குறுகிய கண்ணாடிக்கு முன்னால்தான் நின்றாள். கால் மரத்துப்போனது. பின்னால் சமையலறையில் நாற்காலி இழுபடும் சத்தம். அவள் திரும்பவில்லை. கம்பளி ஒன்று பிழியாமலே சொட்டிக்கொண்டிருந்தது. திரும்பவில்லை.

நாலு மணிக்கு வெளிச்சம் வந்தது.

முதலில் சறுக்கின் கிறீச். பிறகு வெய்யோவின் நெற்றிவிளக்கு, ஏறி இறங்கி, வளைவில் திரும்பி, முற்றத்துக்கு. அவள் கத்தினாள். இரண்டு உள்ளங்கையாலும் கண்ணாடியில் அறைந்தாள். வெய்யோ வண்டியை நிறுத்தினார். வாசலை நோக்கி நாலடி வைத்தார்.

துடைப்பத்தைப் பார்த்தார்.

நின்றார்.

“எங்க போய்ட்டா இவ?” என்றார், தனக்குத்தானே. இரண்டடி தூரம். நடுவில் ஒரு கண்ணாடி. “காபி போட்டு வைன்னேன்.”

“வெய்யோ. வெய்யோ. இங்க. இங்கதான்.”

அவர் குனிந்தார். நெற்றிவிளக்கு அவள் முகத்தில் நேராக விழுந்தது, கண் கூசிற்று. அவர் கையைப் புருவத்தில் வைத்து, காலி அறைக்குள் எட்டிப் பார்க்கிறவர்போல, அவளைத் தாண்டிப் பார்த்தார். கதவின் கைப்பிடி பக்கம் அவர் கை போனது. பாதியில் நின்றது. துடைப்பம் சாய்ந்திருக்கும் கதவு. கையை இழுத்துக்கொண்டார். பையிலிருந்து பிரிண்டர் கேபிளை எடுத்து, நனையாதபடி சுருட்டி, துடைப்பத்தின் கைப்பிடியில் மாட்டினார். ஒழுங்காக மாட்டியிருக்கிறதா என்று ஒரு தடவை சரிபார்த்தார்.

வண்டியைத் திருப்பினார்.

வெளிச்சம் ஏறி இறங்கி, வளைவில் போய், சின்னதாகி, இல்லாமல் போயிற்று. கண்ணாடி கறுத்தது. கறுத்த கண்ணாடியில் அவளுக்குப் பின்னாலிருந்த வீடு தெரிந்தது. திறந்த கதவு. சமையலறை. மேசை. திரையின் நீல வெளிச்சம். அதற்கு முன்னால் ஒரு முதுகு. பின்னல் தொப்பியிலிருந்து தண்ணீர் கோடாக இறங்கிக்கொண்டிருந்தது.

திரையில் ஒரு பெயர். அவள் பெயர். அதன் கீழே ஒரு கேள்வி.

வீங்கி வெளுத்த கை உயர்ந்தது. ஒரு விரல்.

டக்.

கேள்வி மாறியது.

அவள் வாயைத் திறந்தாள். தண்ணீர்ச் சத்தம்தான் வந்தது.

டக்.

கேள்வி மறுபடி மாறியது. திரும்ப வராது, அழிக்கவா. கை மெதுவாக மேலே போனது. அவசரமே இல்லாமல்.

வெளியே, துடைப்பத்தில் மாட்டிய கேபிள் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.